பட்டறைக்கு மெலமைன் கேபினட், டிராயரோடு: அளவு எடுப்பதிலிருந்து முகப்பு மாட்டுவது வரை

மெலமைன் பலகையைத் தொடும் முன் ஒன்றை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்: அறுத்த பிறகு இதைத் திருத்த முடியாது. மரமாக இருந்தால் ஒரு நூல் கூடிப்போனாலும் இழைப்புளியை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம். இதில் இழைப்புளி வைத்தால் மேல்தோல் சில்லுசில்லாகப் பெயர்ந்துவிடும், உப்புத்தாள் போட்டால் பளபளப்பு போய் அடியில் இருக்கும் தவிட்டு நிறம் எட்டிப்பார்க்கும். அதனால் இந்த வேலையில் முக்கால்வாசி அளவெடுப்பதிலும் அறுப்பதிலுமே முடிந்துவிடுகிறது. மாட்டுவது ஒரு மதிய நேர வேலைதான்.

மெலமைன் பலகை என்பது பார்ட்டிகிள் போர்டின் (மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை; சில சமயம் மர நாரில் செய்த எம்டிஎஃப்பின்) இரண்டு பக்கமும் மெலமைன் பிசினில் ஊறிய தாளைச் சூட்டோடு அழுத்தி ஒட்டியது. பெயின்ட் வேண்டாம், பாலிஷ் வேண்டாம், எண்ணெய்க் கறை பட்டாலும் துணியால் துடைத்தால் போய்விடும். பட்டறைக்கு இதைவிடத் தோதான பொருள் குறைவு. குறை என்றால் மூன்று: கனம், ஓரம் பெயர்வது, தண்ணீர் பட்டால் ஊதிவிடுவது. 2440 × 1220 அளவில் 18 மி.மீ. பலகை ஒன்று சுமார் 35 கிலோவிலிருந்து 40 கிலோ வரை இருக்கும், தனியாளாகத் தூக்கி டேபிள் சா (மேசையில் பொருத்திய வட்ட ரம்பம்) மேல் தள்ளப் பார்க்காதீர்கள். அறுத்த ஓரம் கத்திபோல இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலகையைக் கையில் சறுக்கவிட்டு விரல் கிழிந்தவர்கள் எத்தனையோ பேர். அறுக்கும்போது வரும் தூளில் பிசினும் கலந்திருப்பதால் மாஸ்க் கட்டாயம்.

கணக்கு

நான் எடுத்துக்கொண்டது 600 அகலம், 560 ஆழம், 720 உயரத்தில் நான்கு டிராயர் வைத்த கீழ்க் கேபினட், அடியில் தனியாக 100 மி.மீ. பீடம். இந்த அளவை அப்படியே பின்பற்ற வேண்டும் என்பதில்லை, கணக்குப் போடும் விதம் புரிந்தால் எந்த அளவுக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

பக்கப் பலகை 720 × 560, இரண்டு.
அடிப்பலகை 564 × 534, ஒன்று.
மேல் குறுக்குச் சட்டம் 564 × 100, இரண்டு.
பின்பக்கச் சட்டம் 564 × 100, இரண்டு.
6 மி.மீ. பின்தகடு 578 × 720, ஒன்று.

600 கழித்தல் இரண்டு 18, ஆக 564. ஆனால் 18 என்று எழுதி விற்கும் பலகையை வெர்னியர் வைத்துப் பார்த்தால் 17.6 என்றும் காட்டலாம். கூட்டை, அதாவது டிராயர் இல்லாத வெறும் பெட்டியைப் பொறுத்தவரை அதைப் பற்றிக் கவலையில்லை. உள்ளகலத்தைத் தீர்மானிப்பது அடிப்பலகையும் சட்டங்களும்தான், அவை எல்லாம் ஒரே நீளத்தில் 564 இருந்தால் உள்ளே 564 நிச்சயம், வெளியே 599.2 வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். டிராயரில் கதை தலைகீழ், அங்கே வெளியகலம்தான் முக்கியம், அதனால் பலகையின் நிஜ கனத்தைத்தான் கணக்கில் போட வேண்டும். பலர் சறுக்குகிற இடம் இது.

ஆழம் 534 ஏன்? பக்கப் பலகைகளில் பின் ஓரத்திலிருந்து 20 மி.மீ. விட்டு, 6 அகலம் 8 ஆழத்தில் ஒரு காடி (நீளப் பள்ளம்) எடுத்து அதில் பின்தகட்டைச் செருகுகிறோம். 20-உம் 6-உம் சேர்ந்து 26 போக மீதம் 534. தகட்டுக்குப் பின்னால் மிஞ்சும் அந்த 20 மி.மீ. இடத்தில்தான் பின்பக்கச் சட்டங்கள் இரண்டும் உட்காரும். கேபினட்டைச் சுவரில் பிடித்துக் கட்டுவது இவை வழியாகத்தான், வெறும் 6 மி.மீ. தகட்டை நம்பி ஸ்க்ரூ அடிக்காதீர்கள்.

டிராயர் பாகங்கள், முகப்புகள் (டிராயருக்கு முன்னால் தெரியும் பலகைகள்) எல்லாம் சேர்த்துக் கூட்டினால் சுமார் 2.84 சதுர மீட்டர் வரும். ஒரு முழுப் பலகை 2.98. தாளில் பார்த்தால் போதும்போலத்தான் தோன்றும், ஆனால் ரம்பம் ஒவ்வொரு அறுப்புக்கும் 3 மி.மீ. தின்னும், பலகையின் சொந்த ஓரங்கள் லாரியில் அடிபட்டுச் சிதைந்திருக்கும், அவற்றை 10 மி.மீ. சீவி எறிந்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அதனால் இரண்டு கேபினட்டுக்கு மூன்று பலகை என்று வைத்துக்கொள்வது நல்லது, மிச்சத்தில் தட்டு ஏதாவது வந்துவிடும்.

அறுப்பது

ரம்பத்தின் பல் பலகைக்குள் நுழையும் பக்கம் சுத்தமாக இருக்கும், வெளியேறும் பக்கம்தான் பெயரும். டேபிள் சாவில் பல் மேலிருந்து கீழே இறங்குகிறது, அதனால் நல்ல முகம் மேலே. கையில் பிடித்து அறுக்கும் சர்குலர் சாவில் பல் கீழிருந்து மேலே ஏறுகிறது, நல்ல முகம் கீழே. ஜிக்சாவுக்கும் சாதாரணமாக அதேதான். இது தெரிந்தாலே பாதிப் பெயர்ச்சி நின்றுவிடும்.

மீதிப் பாதி பிளேடைப் பொறுத்தது. மரம் அறுக்கிற 24 பல் பிளேடைப் போட்டு மெலமைன் அறுத்தால் எலி கடித்ததுபோல ஓரம் வரும். 10 இன்ச் டேபிள் சாவுக்கு 80 பல், 7¼ இன்ச் கை மெஷினுக்கு 60 பல், பல்லின் வடிவம் டிரிபிள் சிப் என்று கேட்டு வாங்குங்கள். பலகையின் பிசின் பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும், நேற்று வரை சுத்தமாக அறுத்த பிளேடு இன்று பெயர்க்க ஆரம்பித்தால் உங்கள் கையைச் சந்தேகப்படாமல் பிளேடைக் கழற்றிப் பிசினைத் துடைத்துவிட்டு, பிறகும் அப்படியே இருந்தால் சாணை பிடிக்கக் கொடுங்கள்.

பட்டறைக் கேபினட்டில் உள்பக்கமும் தெரியும், அதனால் இரண்டு முகமும் சுத்தமாக வேண்டும். அதற்கு இரண்டு தடவை அறுக்கும் வழி ஒன்று இருக்கிறது. டேபிள் சாவில் பிளேடை 2 மி.மீ. மட்டும் உயர்த்தி, பலகையைத் தள்ளி அடி முகத்தில் ஒரு கீறல் காடி எடுங்கள். வேலியை (பலகையை நேராக வழிநடத்தும் சட்டம்) அசைக்காமல் பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றி அதே தடத்தில் மறுபடி தள்ளுங்கள். அடிப்பக்கத் தோல் ஏற்கெனவே வெட்டுப்பட்டிருப்பதால் பெயர அதற்கு வழியில்லை. பிளேடைச் சுற்றி இடைவெளியே இல்லாத மேசைத் தகடு ஒன்றையும் செய்து போட்டுக்கொண்டால் நல்லது, பழைய பிளைவுட் துண்டில் பத்து நிமிட வேலை.

டேபிள் சா இல்லாதவர்கள் தயங்க வேண்டாம், என் முதல் இரண்டு கேபினட்டும் கை மெஷினில் அறுத்தவைதான். தரையில் தடித்த தெர்மோகோல் தகடுகளை விரித்து அதன் மேல் பலகையைப் படுக்கவையுங்கள், பலகை முழுக்கத் தாங்கலோடு இருக்கும், அறுத்து முடிக்கிற நேரத்தில் துண்டு தொங்கி ஓரம் உடையாது. நேரான சட்டம் ஒன்றைக் கிளாம்ப் போட்டு வேலியாக்கி, பிளேடு தெர்மோகோலில் 5 மி.மீ. மட்டும் இறங்கும்படி வைத்து அறுங்கள். மேல் முகத்துக்கு முதலில் கத்தியால் கோடு நெடுக நான்கைந்து முறை ஆழமாகக் கீறி, அந்தக் கீறலை ஒட்டி அறுத்தால் போதுமான சுத்தம் வரும். அப்பழுக்கே கூடாது என்றால் 2 மி.மீ. கூட்டி அறுத்துவிட்டு, நேர்ச்சட்டத்தை வழிகாட்டியாக வைத்து பேரிங் பிட் (சட்டத்தை ஒட்டி உருளும் வளையம் வைத்த பிட்) போட்ட ரூட்டரால் (ஓரம் சீவும் மெஷின்) அந்த 2 மி.மீட்டரை எடுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் ரூட்டர் ஓரம் கண்ணாடிபோல வரும். கையருகே பேனல் சா (முழுப் பலகையை அறுக்கும் பெரிய மெஷின்) இருக்கும் இடம் இருந்தால் பெரிய துண்டுகளை அங்கே அறுத்து வாங்குவதில் வெட்கமே வேண்டாம், அந்த மெஷினில் கீறுவதற்கென்றே தனிச் சின்ன பிளேடு இருக்கும்.

இன்னொன்று, ஒரே நீளத்துத் துண்டுகளை எல்லாம் ஒரே அமைப்பில், வேலியை நகர்த்தாமல், அடுத்தடுத்து அறுத்துவிடுங்கள். 564 வேண்டிய ஐந்து துண்டும் 563.5 ஆக இருந்தால் பிரச்சினையே இல்லை. நான்கு 564, ஒன்று 563 என்றால் கூடு கோணிக்கொள்ளும்.

எட்ஜ் பேண்ட்

கூட்டை மாட்டும் முன் முன்பக்க ஓரங்களுக்குப் பட்டை ஒட்டிவிடுங்கள், மாட்டிய பிறகு மூலைகளில் இஸ்திரிப் பெட்டி நுழையாது. 18 மி.மீ. பலகைக்கு 22 மி.மீ. அகலப் பட்டை, இரண்டு பக்கமும் 2 மி.மீ. துருத்தும். பசை தடவியே வரும் மெலமைன் பட்டையென்றால் இஸ்திரிப் பெட்டியைப் பருத்தித் துணிச் சூட்டில், நீராவி இல்லாமல் வைத்து, மெதுவாக நகர்த்திக்கொண்டே போய், பின்னாலேயே ஒரு மரக்கட்டையால் அழுத்தித் தேயுங்கள். ஒட்டுவதில் பாதி சூடு, பாதி அந்த அழுத்தம். பிவிசி பட்டையில் இந்தச் சூடு வைத்தால் சுருங்கிக்கொள்ளும். அதற்கு கான்டாக்ட் பசைதான் சரி, இரண்டு முகத்திலும் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு அழுத்த வேண்டும். பலகை ஓரம் பசையை உறிஞ்சிக்கொள்வதால் அந்தப் பக்கம் இரண்டு பூச்சு.

துருத்தலைச் சீவ உளியின் தட்டையான முதுகைப் பலகையோடு ஒட்டவைத்து ஓட்டலாம், கடைசியில் அரம். அரத்தைப் பட்டையிலிருந்து பலகையின் பக்கமாக மட்டும் தள்ளுங்கள், திரும்ப இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். எதிர்ப்பக்கம் இழுத்தால் பட்டை பிய்ந்து வரும்.

கண்ணில் படாத ஓரங்களை, முக்கியமாகத் தரையைப் பார்க்கும் ஓரங்களை, வெறுமனே விடாதீர்கள். வார்னிஷோ தண்ணீர் தாங்கும் பசையோ ஒரு பூச்சு அடியுங்கள். தரை கழுவிய தண்ணீர் ஒரு முறை ஏறினால் போதும், பார்ட்டிகிள் போர்டு ஊதி இட்லிபோல உப்பிவிடும், காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. தனிப் பீடம் வைப்பதே இதற்காகத்தான். அதைப் பிளைவுட்டிலோ கட்டை மரத்திலோ செய்யுங்கள், மெலமைனில் வேண்டாம்.

கூட்டை மாட்டுவது

வெள்ளைப் பசை மெலமைன் முகத்தில் ஒட்டாது. ஒட்டியதுபோல இருக்கும், காய்ந்ததும் தகடாக உரிந்து வந்துவிடும். காடி எடுத்துத் தோலை நீக்கினால் உள்மரத்தில் ஒட்டும், இல்லையென்றால் பாரம் முழுக்க ஸ்க்ரூ மேல்தான். அதனால் ஸ்க்ரூவில் கஞ்சத்தனம் கூடாது. ஜிப்சம் போர்டுக்கு அடிக்கிற கறுப்பு ஸ்க்ரூ மெலிசு, பட்டென்று ஒடியும். பார்ட்டிகிள் போர்டுக்கென்றே உள்ள கன்ஃபர்மாட் ஸ்க்ரூ, 7 × 50 அளவு, இதற்குப் பொருத்தமானது. வெளியே இருக்கும் பலகையில் 7 மி.மீ. துளை, உள்ளே போகும் பலகையின் ஓரத்தில் 5 மி.மீ. துளை, இரண்டையும் ஒரே இறக்கத்தில் போட, நடுவில் கனம் மாறும் டிரில் பிட் கிடைக்கிறது.

துளை போடும்போது இரண்டு துண்டையும் கிளாம்பால் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். துளை 18 மி.மீ. ஓரத்தின் நட்டநடுவே, 9-இல் இறங்க வேண்டும், ஓரம் சாய்ந்தால் தோல் புடைத்துவிடும். மூலையிலிருந்து 50 மி.மீ. தள்ளி முதல் ஸ்க்ரூ. டிரில்லின் கிளட்சைக் குறைத்து வைத்து, கடைசிச் சுற்றைக் கையால் திருகுங்கள். ஸ்க்ரூ தலை உட்கார்ந்ததும் நிறுத்திவிட வேண்டும், “இன்னும் ஒரு கால் சுற்று” என்று ஆசைப்பட்டால் உள்ளே புரி தூளாகிவிடும். அப்படி ஆகிவிட்டால் 8 மி.மீ. துளை போட்டுப் பசையோடு மர ஆணி இறக்கி, காய்ந்த பிறகு வெட்டி மட்டமாக்கி மறுபடி துளை போடுங்கள்.

மெலமைன் மேல் பென்சில் கோடு கைபட்டாலே அழியும். மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் கோடு போடுவது என் வழக்கம்.

பக்கப் பலகை, அடிப்பலகை, மேல் சட்டங்கள் மாட்டியதும் பின்தகட்டைச் செருகிவிட்டு, அதற்கு ஸ்க்ரூ போடும் முன் மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருந்தால்தான் கூடு மட்டம். வித்தியாசம் இருந்தால் நீளமான மூலைவிட்டத்தின் இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டு இறுக்கிக்கொண்டு தகட்டை ஸ்க்ரூ பண்ணுங்கள், அதன் பிறகு அது அசையாது.

டிராயர்: கூடு நின்ற பிறகுதான்

என் முதல் கேபினட்டில் படத்தைப் பார்த்து எல்லா டிராயர் துண்டுகளையும் கூட்டோடு சேர்த்தே அறுத்து வைத்தேன். கூட்டின் உள்ளகலம் ஒன்றரை மி.மீ. குறைவாக வந்திருந்தது. டிராயரைத் தள்ளினால் பாதி வரை போய் முக்கி நின்றது, வலிந்து தள்ளினால் சேனலில் (டிராயர் ஓடும் உலோகத் தடம்) இருந்து எஃகுக் குண்டுகள் ஒவ்வொன்றாகத் தரையில் உருண்டன. நான்கு டிராயரையும் பிரித்து, முன்பின் துண்டுகளை எல்லாம் மறுபடி அறுக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து கூடு எழுந்து நிற்காமல் டிராயருக்கு ரம்பம் எடுப்பதில்லை.

பந்து உருளும் டெலஸ்கோபிக் சேனல் ஒவ்வொன்றும் 12.7 மி.மீ. கனம். இரண்டுக்கும் சேர்த்து 25.4. உள்ளகலத்திலிருந்து 26 கழியுங்கள், 564 என்றால் டிராயரின் வெளியகலம் 538. உள்ளகலத்தை முன்னால், பின்னால், மேலே, கீழே என்று நான்கு இடத்தில் அளந்து குறைவானதை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் டிராயர் அரை மி.மீ. ஒல்லியாக இருக்கட்டும், ஒல்லியானதற்குச் சேனலின் பின்னால் அட்டைத் துண்டு செருகிச் சரிக்கட்டிவிடலாம், பருத்ததற்கு மருந்தில்லை.

சேனல் 500 நீளம், டிராயர் பக்கங்களும் 500. முன்பின் துண்டுகள் பக்கங்களுக்கு நடுவில் உட்காரும்: 538 கழித்தல் இரண்டு பலகைக் கனம். சரியாக 18 என்றால் 502, 17.6 என்றால் 502.8. பக்கத்தின் வெளியிலிருந்து முன்துண்டின் ஓரத்துக்குள் ஸ்க்ரூ. இப்படிச் செய்தால் டிராயரை இழுக்கும்போது ஸ்க்ரூ குறுக்காகத் தாங்கும், மாற்றிச் செய்தால் ஒவ்வொரு இழுப்பும் ஸ்க்ரூவைப் பிடுங்கும். ஸ்க்ரூ தலை பக்கப் பலகைக்குள் முழுக்கப் புதைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், கொஞ்சம் துருத்தினாலும் சேனலில் இடிக்கும்.

அடித்தகட்டுக்கு நான்கு துண்டிலும் கீழ் ஓரத்திலிருந்து 12 மி.மீ. மேலே, 6 அகலம் 6 ஆழத்தில் காடி. தகடு 513 × 475, அதாவது உள்ளளவோடு இரண்டு பக்கக் காடியும் கூட்டி ஒரு மி.மீ. குறைத்தது. கடைசி டிராயரில் ஆணியும் போல்ட்டும்தான் சேரும் என்றால் 6 மி.மீ. தகடு தொய்யும், அதற்கு மட்டும் 12 மி.மீ. பிளைவுட் போட்டுக் காடியையும் அகலப்படுத்திவிடுங்கள். சேனல் தாங்கும் எடையும் பெட்டியில் எழுதியிருக்கும், அதையும் பாருங்கள்.

உயரங்கள்: முகப்புகள் மேலிருந்து 120, 150, 192, 246. இடைவெளி மூன்றுக்கும், கேபினட்டின் தலையில் போடும் மேசைப் பலகைக்குக் கீழும் 3 மி.மீ. வீதம் விட்டால் மொத்தம் 720. பெட்டிகள் 80, 110, 150, 200. எல்லாப் பெட்டியிலும் சேனலின் நடுக்கோடு கீழ் ஓரத்திலிருந்து 40 மி.மீ. என்று ஒரே கணக்கு வைத்துக்கொண்டால் குழப்பமே இல்லை.

கூட்டில் சேனல் மாட்டுவதற்கு ரசமட்டமும் வேண்டாம், கோடும் வேண்டாம். ஒரு வேண்டாத பலகைத் துண்டைச் சரியாக 611.5 உயரத்துக்கு அறுத்து, அடிப்பலகையின் மேல் பக்கச் சுவரை ஒட்டி நிற்கவையுங்கள். அதன் தலையில் சேனலை உட்காரவைத்து, முன் ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளி, 16 மி.மீ. ஸ்க்ரூ போடுங்கள். அதே துண்டை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றி அங்கேயும் மாட்டிவிட்டால் மேல் டிராயர் முடிந்தது. இப்போது அந்தத் துண்டையே 458.5-க்குக் குறைத்து இரண்டாவது ஜோடி, பிறகு 263.5, கடைசியாக 32.5. ஒரே துண்டு இரண்டு பக்கமும் போவதால் அளவில் அரை மி.மீ. தவறியிருந்தாலும் இடமும் வலமும் ஒன்றாகத்தான் தவறும், டிராயர் கோணாது. மேலிருந்து தொடங்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள், குறைத்த துண்டை நீட்ட முடியாது.

சேனலில் நீளத் துளைகளும் வட்டத் துளைகளும் இருக்கும். முதலில் நீளத் துளையில் மட்டும் ஸ்க்ரூ. டிராயரைப் போட்டு இழுத்துப் பார்த்து, ஏற்றி இறக்கி, ஓட்டம் பிடித்துப்போன பிறகு வட்டத் துளையில் ஒன்று போட்டுப் பூட்டுங்கள்.

முகப்பு

அகலம் 596. எட்ஜ் பேண்ட் 2 மி.மீ. கனமென்றால் நான்கு பக்கமும் ஒட்டிய பிறகு நீளத்திலும் அகலத்திலும் 4 மி.மீ. கூடும், அதை அறுக்கும் முன்பே கழித்துவிடுங்கள்.

மாட்டுவது கீழிருந்து மேலே. முகப்பின் பின்னால் இருபக்க டேப் ஒட்டி, அடியில் அளவுக்கட்டை வைத்து, பெட்டியோடு அழுத்திப் பிடித்து, டிராயரை மெதுவாக இழுத்து உள்ளிருந்து கிளாம்ப் போட்டு நான்கு ஸ்க்ரூ. 18-உம் 18-உம் 36, அதனால் 30 மி.மீ. ஸ்க்ரூ தாராளம், 40 போட்டால் முகப்பில் முளை எட்டிப்பார்க்கும். அடுத்த முகப்புக்குக் கீழ் முகப்பின் தலையில் 3 மி.மீ. தகட்டுத் துண்டு இரண்டு வைத்து அதன் மேல் உட்காரவையுங்கள். கைப்பிடித் துளைகளை எல்லா முகப்பும் நின்ற பிறகு போடுங்கள், டிரில் பிட் வெளியேறும் பக்கத்தில் ஒரு கட்டையை வைத்து அழுத்திக்கொண்டு. இல்லாவிட்டால் இவ்வளவு காப்பாற்றிய தோல் கடைசித் துளையில் பூப்போலப் பெயர்ந்துகொள்ளும்.

அடுத்த கேபினட்டுக்குத் தேவைப்படும் என்பதால் நிஜமாக வந்த அளவுகளை மார்க்கரால் கடைசி டிராயரின் அடித்தகட்டில், கீழ்ப்பக்கம், எழுதி வைத்துவிடுங்கள். என் பட்டறையில் 563.5 என்று எழுதிய டிராயர் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.